அவிழ்க்கும் கை வந்த வழி

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே இருக்கிறது கீழ்வேளூர். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது, உட்கார்ந்தா எரியுது" என்று சொன்னால், உடம்புச் சூடு என்பார்கள். வெந்தயம் ஊறப்போடு, மோர் குடி என்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு, வலி அவள் மனசில்தான் என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீளும் இந்த வலிக்கு கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, குடல் என்று பல மூலங்கள் உண்டு. அவற்றை மருத்துவர் முதலில் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் ஸ்கேனில் பிடிபடாத ஒரு மூலமும் இருக்கிறது: தசை. அதைக் கையால் தொட்டு அவிழ்க்கும் சிகிச்சை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயணத்தில் இருக்கிறது.

இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல ஒரு தசைப்படுகை தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அதன் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. அடக்க வேண்டிய நேரத்தில் இறுகி, போக வேண்டிய நேரத்தில் தளர்வது அதன் வேலை. பிரசவக் காயமோ, பழைய தொற்றோ, பயமோ காரணமாக அது இறுகியபடியே நின்றுவிட்டால், தசைக்குள் தொட்டால் துடிக்கும் புள்ளிகள் உண்டாகின்றன. அங்கிருந்து வலி அடிவயிற்றுக்கும் தொடைக்கும் முதுகுக்கும் ஓடும். சிறுநீர் அடிக்கடி வரும், தாம்பத்தியம் தண்டனையாகும். ஆண்களுக்கும் இது வருகிறது. புராஸ்டேட் வீக்கம் என்று மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்கியவர்கள் பலர்.

1937-இல் ஜார்ஜ் தீலே என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கவனித்தார். மலக்குடல் நோய்கள் அவருடைய துறை. வால் எலும்பு வலியோடு வந்தவர்களில் பலருக்கு எலும்பு நன்றாகவே இருந்தது. அதைச் சுற்றிய தசைதான் கல்லாக இறுகியிருந்தது. உறையணிந்த விரலை ஆசனவாய் வழியே செலுத்தி, தசை நாரின் போக்கிலேயே நீவிவிட்டார். வலி குறைந்தது. இந்தச் சிகிச்சை இன்றும் தீலே மசாஜ் என்றே அழைக்கப்படுகிறது.

அடுத்த திருப்பம் இதற்கு உதவவில்லை. 1948-இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர், பிரசவத்தில் தளர்ந்த தசையை இறுக்கிப் பலப்படுத்தும் பயிற்சியை எழுதினார். இருமினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு அது வரம். மருந்தில்லை, செலவில்லை, ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கு, விடு. அதனால் அது உலகெங்கும் பரவியது; நம் ஊர்க் கர்ப்பிணிகளும் கேட்டிருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கச் சொன்னால் வலி கூடவே செய்யும். இறுக்கும் பாடம் எங்கும் போய்ச் சேர்ந்தது, தளர்த்தும் பாடம் பின்தங்கிவிட்டது. என்னை உறுத்துவது அதுதான்.

தளர்த்தும் பாடத்தை மீட்டவர்களில் ஒருவர் ஜேனட் ட்ராவெல், அதிபர் கென்னடியின் மருத்துவர். டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து தசையின் வலிப்புள்ளிகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் தொகுதி 1983-இல் வந்தது. 1992-இல் வந்த இரண்டாம் தொகுதி இடுப்புக்கும் காலுக்கும் உரியது. இந்தத் தூளித் தசையும் அதில் இடம்பெற்றது.

2012-இல் மேரி பாட் ஃபிட்ஸ்ஜெரால்டும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், சிறுநீர்ப்பை வலியும் தசை வலியும் சேர்ந்திருந்த 81 பெண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு இடுப்புத் தசையை உள்ளும் புறமும் கையால் தளர்த்தும் பிசியோதெரபி, மற்றவர்களுக்கு உடம்பு முழுவதும் சாதாரண மசாஜ். வாரம் ஒருமுறை, பத்து முறை வரை. மொத்தத்தில் நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் 59 சதவீதம், இரண்டாவதில் 26. வலியைத் தனியாக அளந்தபோது இரு பிரிவிலும் அது இறங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், பொய் நம்பிக்கை இந்தப் பெண்களை ஏற்கெனவே பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

இனி இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வந்தது. பக்கவாதத்தில் படுத்தவருக்குக் கை கால் அசைத்துவிட ஆள் வருகிறார். நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் கிடைத்தது. பாதை போட்டாகிவிட்டது. இந்தத் தசையைத் தொட்டறியத் தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்டுகளை அதில் அனுப்புவதே மிச்சம். நடவு வயலில் நாளெல்லாம் குனிந்து நிற்கிறவள், இந்த வலிக்காக மாதக்கணக்கில் சென்னைக்குப் போய் வர முடியாது.

இந்தச் சிகிச்சைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு கட்டில், கையுறை, தாழிட்ட கதவு, அவசரமில்லாத ஒரு மணி நேரம். உள்ளே தொடுவதற்கு முன் அவள் சம்மதம். வேண்டாம் என்றால் வெளியிலிருந்தே வயிறு, தொடை, பிட்டத் தசைகளைத் தளர்த்தலாம். பிறகு மூச்சு: உள்ளிழுக்கும்போது வயிறு மேலெழ, கூடவே அடித்தசையும் கீழிறங்கித் தளரும். அதை வீட்டில் பாயில் படுத்து அவளே தினமும் செய்துகொள்ளலாம்.