எரியும் முகமும் இறங்கும் பாதையும்

திண்டுக்கல்லில் காரமான பிரியாணி உண்டவர் ‘வாய் எரிகிறது’ என்பார். கொதிக்கும் தேநீரை அவசரமாகக் குடித்தவரும் அதையே சொல்வார். தமிழ் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்திருப்பது சொற்பஞ்சத்தால் அன்று. மிளகாயின் காரப்பொருளும் சுமார் 43 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பமும் நரம்பு நுனியில் ஒரே வாயிலைத்தான் திறக்கின்றன. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டனர். 2021இல் ஜூலியஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம்மை வியக்க வைப்பது அச்செய்தி அதன்பின் செல்லும் வழி. முகத்தின் உணர்ச்சிகளைச் சுமக்கும் முக்கிளை நரம்பு, மூளைத்தண்டின் நடுப்பகுதியில் நுழைகிறது. தொடுவுணர்வு பெரும்பாலும் அங்கேயே கைமாறி மேலே செல்கிறது. வலியும் சூடும் குளிரும் அப்படியல்ல. மேலே போக வேண்டியவை முதலில் கீழே இறங்குகின்றன. முகுளத்தைக் கடந்து கழுத்துத் தண்டுவடத்தின் மேற்பகுதி வரை நீளும் நரம்பணுத் திரளில் கைமாறி, எதிர்ப்புறம் தாண்டிய பிறகே மூளைக்கு ஏறுகின்றன. திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டவர் மதுரைக்குப் போய் வண்டி ஏறுவது போல!

இச்சுற்றுவழியைக் காட்டிக்கொடுத்ததில் நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1895இல் டான்சிக் நகர மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க், முகுளத்தின் பக்கவாட்டில் குருதியோட்டம் தடைப்பட்ட ஒருவரை விவரித்தார். இந்நோயில் முகத்தின் ஒருபுறமும் உடலின் மறுபுறமும் வலியும் சூடும் தெரியா, தொட்டால் தெரியும். 1938இல் சுவீடனின் ஓலோஃப் ஷோக்விஸ்ட், முகவலியால் துடித்தவர்களுக்கு முகுளத்தில் அந்த இறங்குபாதையை மட்டும் அறுக்கும் முறையை வெளியிட்டார். வலி அடங்கியது, தொடுவுணர்வு பெரிதும் எஞ்சியது. அப்போது நம் நாட்டில் நரம்பறுவைக்குத் தனித்துறையே இல்லை. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950இல் சென்னையில் பா. ராமமூர்த்தியும் அதைத் தொடங்கினர்.

வத்தலக்குண்டிலிருந்த எங்கள் பெரியம்மாவுக்கு முகம் கழுவினாலே கன்னத்தில் மின்னல் வெட்டும். பல்வலி என்று கருதி ஒருவர் மூன்று பற்களைப் பிடுங்கினார். வலி போகவில்லை. நரம்பு மூளைத்தண்டில் நுழையுமிடத்தில் குருதிக்குழாய் அழுத்துவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்; வலி தெரிவதென்னவோ பல்லில். அறுவையின்றியே கார்பமசெபைன் மாத்திரை இவ்வலியைத் தணிப்பதை 1962இலேயே ப்ளோம் எழுதிவிட்டார். அது பெரியம்மாவை எட்டியது பல ஆண்டுகள் கழித்து, மதுரையில். பிறகு அச்சமின்றி முகம் கழுவினார். போன பற்களுக்காக அவர் யாரையும் கடிந்ததில்லை. நாங்கள்தாம் இன்றும் கடிந்துகொண்டிருக்கிறோம்.