பாடம் நடத்தப் படித்துவிட்டுச் சீட்டாடப் போனவர்



இந்த வாரம் ஒரு சீட்டாட்டக்காரரின் வரலாறு. "வகுப்பில் சீட்டுக்கட்டைக் கண்டாலே பிடுங்கி வைத்துக்கொள்ளும் சாருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. முழுசாகப் படியுங்கள், பிறகு பேசுவோம்.

அவர் பெயர் டாயில் பிரன்சன். 1933 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லாங்வொர்த் என்ற சின்னஞ்சிறு ஊரில் பிறந்தவர். பள்ளி நாட்களில் நல்ல ஓட்டக்காரர். 1950-ல் மாநிலப் பள்ளிகளுக்கான போட்டியில் ஒரு மைல் ஓட்டத்தில் முதலிடம். கூடைப்பந்திலும் கெட்டிக்காரர். கல்லூரியில் படிக்கும்போதே பெரிய தொழில்முறை அணியான லேக்கர்ஸ் அவர்மேல் கண் வைத்திருந்தது. கோடை விடுமுறையில் ஜிப்சம் பலகை செய்யும் ஆலைக்குக் கூலி வேலைக்குப் போனார். பலகை அடுக்கு சரிந்து காலில் விழுந்து, எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. விளையாட்டு வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

கால் போனதும் படிப்பைப் பிடித்தார். 1954-ல் இளங்கலை, மறு ஆண்டே கல்வி நிர்வாகத்தில் முதுகலை. நம் ஊர்க் கணக்கில் தலைமையாசிரியர் நாற்காலிக்கான படிப்பு. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தை வைத்துக்கொண்டு காலம் முழுக்க ஓட்டிய என்னைவிட அவர் அதிகம் படித்தவர்.

ஆனால் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. அலுவலக இயந்திரங்கள் விற்கும் வேலையில் சேர்ந்தார். வேலைக்குப் போன முதல் நாளே சிலர் சீட்டாடக் கூப்பிட, ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அன்றே ஜெயித்துவிட்டார். அப்புறம் வேலை எதற்கு?

இதைக் கேட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம். அடுத்து வந்த வருடங்களையும் பாருங்கள். அப்போது டெக்சாஸில் பணம் வைத்துச் சீட்டாடுவது சட்டவிரோதம். போர்ட்வொர்த் நகரின் எக்ஸ்சேஞ்ச் தெருவில், ரவுடிகளும் திருடர்களும் கூடும் இடங்களில் ஆட்டம். ஜெயிப்பது ஒரு வேலை; ஜெயித்த பணத்தோடு உயிரோடு வீடு சேர்வது இன்னொரு வேலை. துப்பாக்கி முனையில் பறிகொடுத்ததும் உண்டு. அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் என்ற இரண்டு நண்பர்களோடு பணத்தைப் பொதுவில் போட்டுக்கொண்டு டெக்சாஸ், ஓக்லஹாமா, லூசியானா என்று ஊர் ஊராகக் காரில் சுற்றினார்கள். பிறகு மூவரும் லாஸ் வேகாஸுக்குப் போனார்கள். முதல் பயணத்திலேயே சேர்த்தது அத்தனையும் போயிற்று.

இதற்கிடையில் 1962-ல் திருமணம். அந்த ஆண்டே கழுத்தில் புற்றுநோய். சில மாதங்களே தாங்குவார் என்றார்கள் மருத்துவர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் பிழைத்து எழுந்தார்.

1970-ல் லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தன் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் போக்கருக்கு 'உலகத் தொடர்' என்று ஒரு போட்டியைத் தொடங்கினார். அதன் முதன்மைப் போட்டியில் 1976, 1977 இரண்டு ஆண்டும் பிரன்சன்தான் சாம்பியன். முதல் ஆண்டு 2,20,000 டாலர், அடுத்த ஆண்டு 3,40,000 டாலர்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பாடம். அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழி. அதில் ஒரு பத்தும் ஒரு இரண்டும் சேர்ந்து வர 16 வழி. அதாவது சுமார் 83 தடவைக்கு ஒரு தடவை. அது மட்டமான கை. அனுபவசாலிகள் பெரும்பாலும் போட்டுவிட்டு ஒதுங்குவார்கள். ஆனால் இரண்டு ஆண்டும் அவர் பட்டத்தை வென்ற கடைசிக் கை அந்தப் பத்தும் இரண்டும்தான்! இன்றும் அந்தக் கைக்கு அவர் பெயரையே சொல்கிறார்கள்.

அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டமா? இல்லை. ஒரு கையில் அதிர்ஷ்டம் பேசும். பத்தாயிரம் கையில் திறமைதான் பேசும். "திறமையா, அதிர்ஷ்டமா?" என்ற கேள்வி நம் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டே என்று 2023-ல் தீர்ப்பானது. நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறமை விளையாட்டு என்றால் என்ன பொருள்? திறமை குறைந்தவன் தோற்றே தீருவான் என்று பொருள். இரவு பத்து மணிக்குப் போனைத் திறந்து உட்காரும் நம் பையனுக்கு எதிரே பிரன்சன் போன்ற ஒருவர் உட்கார்ந்திருந்தால்? இன்னொன்று: அந்த மேசையில் நெல் விளைவதில்லை, துணி நெய்யப்படுவதில்லை. ஒருவன் எடுப்பது இன்னொருவன் இழந்தது. நடத்துகிறவன் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வான்.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். எழுபதுகளின் கடைசியில் பிரன்சனுக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். ஐந்து வல்லுநர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆட்ட நுணுக்கங்களை எல்லாம் ஒளிக்காமல் ஒரு தடிமனான புத்தகமாக எழுதினார். தானே பதிப்பித்து 100 டாலர் விலை வைத்தார். பின்னாளில் 'சூப்பர் சிஸ்டம்' என்று பெயர் பெற்ற அந்தப் புத்தகம் போக்கர்காரர்களுக்கு வேதமாயிற்று.

விளைவு? அவர் எப்போது மிரட்டுகிறார், எப்போது உண்மையில் நல்ல கை வைத்திருக்கிறார் என்பதை எதிராளிகள் படித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். புத்தகத்தால் வந்ததைவிட அதனால் மேசையில் போனது அதிகம் என்று அவரே பின்னால் சொன்னார்.

நம் தொழிலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் கற்றுக்கொடுத்த வாய்ப்பாடு எத்தனை பேருக்குப் போனாலும் என்னிடம் குறையவில்லை. என்னிடம் படித்தவர் என்னைவிடப் பெரிய சம்பளம் வாங்கினால் எனக்குப் பெருமை. என் பையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. அவர் தொழிலில் சொல்லிக்கொடுத்தால் சொல்லிக்கொடுத்தவனுக்கே நஷ்டம். ஒரு தொழிலை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல தராசு இதுதான்: தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அங்கே வளர்கிறதா, தேய்கிறதா?

1980-ல் இறுதி ஆட்டத்தில் ஸ்டூ உங்கர் என்ற 26 வயது இளைஞர் பிரன்சனை வென்றார். அபார நினைவாற்றல், மூன்று முறை சாம்பியன். போதையிலும் பந்தயத்திலும் அத்தனையையும் தொலைத்து, 1998-ல் 45 வயதில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவு விடுதி அறையில் இறந்து கிடந்தார். பிரன்சன் 2023 மே 14 வரை, 89 வயது வாழ்ந்தார். 1982-ல் 18 வயது மகளைப் பறிகொடுத்த துயரத்தையும் தாங்கினார். ஒரே மேசையில் இருவர். திறமை இருவருக்கும் இருந்தது. எப்போது எழுந்திருப்பது என்பது ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

பிரன்சனை நான் வெறுக்கவில்லை. நல்ல வாத்தியார் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வராமலே போய்விட்டார் என்ற வருத்தம்தான்.

உங்கள் வீட்டிலோ நட்பிலோ யாராவது இரவில் போனும் கையுமாக இந்த ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இதுவரை போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தல் கணக்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்