கரூ ரயிலடி – 7: இருமலோடு வந்திறங்கியவர்

போன வாரம் 1899 அக்டோபரில் நிறுத்தியிருந்தேன். போயர்கள் எல்லை தாண்டிவிட்டார்கள். கேப்டவுன் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் இறங்குகிறார்கள். அவர்களை ஏற்றிய ரயில்கள் கரூ பொட்டலைக் கிழித்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டன. இன்னும் சில நாளில் மைக்கீஸ்ஃபொன்டைனில் ரயிலடிச் சாப்பாட்டுக் கடைக்காரர் லோகன் கட்டிய புத்தம் புது ஹோட்டல் ராணுவ ஆஸ்பத்திரி ஆகும். அதன் கோபுரத்தில் காவல் ஏறும். இந்த வாரம் மாகர்ஸ்ஃபொன்டைன் சண்டை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றிப் பேசிவிட வேண்டும். மைக்கீஸ்ஃபொன்டைனில் வாழ்ந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். பெயர் ஜார்ஜ் லோமன். கிரிக்கெட் பிடிக்காத வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோகனைப் பற்றித்தான் இத்தனை வாரமும் எழுதியிருக்கிறேன், திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இல்லாத காலம் அது. வண்டி நின்றால்தான் பயணிக்குச் சாப்பாடு, வண்டி நின்றால்தான் இஞ்சினுக்குத் தண்ணீர். கோய் மக்கள் ஆடுமாடு மேய்த்து, ஊற்றோரக் கோரையில் பாய் முடைந்து, குடிசைக்குப் போர்த்தி வாழ்ந்த நிலத்தில் அந்த இரண்டையும் விற்று லோகன் ஓர் ஊரையே எழுப்பினார். லண்டன் தெருவிளக்கு, மின்சாரம், குழாய்த் தண்ணீர், குளிர்பான ஆலை, கிரிக்கெட் மைதானம் என்று எல்லாம் வந்தன. குழாய் புதைத்த கைகளும் கல் சுமந்த தோள்களும் கறுப்பர்களுடையவை, கலப்பினத்தவருடையவை. ஆனால் ஊரின் கதையை யார் சொன்னாலும் லோகனில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

லோகன் விற்ற மூன்றாவது சரக்கு காற்று. அவருக்கே நெஞ்சு பலவீனம். கரூவின் உலர்ந்த காற்றில்தான் தேறினார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. 1882-ல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டாரே தவிர, அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வர 1943 ஆனது. நடுவே இருந்த அறுபது வருடமும் டாக்டர்கள் எழுதிக்கொடுத்தது வெயில், காற்று, நல்ல சாப்பாடு, இவ்வளவுதான். லண்டன் புகையில் இருமியவர்களில் வசதியுள்ளவர்கள் கப்பலேறினார்கள். கேப்டவுனில் இறங்கி ரயிலில் வந்தால் லோகனின் தாழ்வாரம். ‘ஒரு ஆப்பிரிக்கப் பண்ணையின் கதை’ எழுதிய ஆலிவ் ஷ்ரைனர் ஆஸ்துமாவோடு 1890-ல் வந்து குடியேறியதும் இந்தக் காற்றுக்காகத்தான். அப்படி 1892 கடைசியில் கப்பலேறியவர்தான் லோமன். அப்போது அவருக்கு 27 வயது. உலகத்திலேயே சிறந்த பந்துவீச்சாளர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

மித வேகம்தான். மட்டையைப் பறக்கவிடும் வேகம் அவரிடம் கிடையாது. ஒரே கை அசைவில் ஒரு பந்து முன்னால் விழும், அடுத்தது கொஞ்சம் தாமதமாக வரும், அதற்கடுத்தது ஆஃப் பிரேக்காகத் திரும்பும். மட்டையாளர் ஏமாந்து விளிம்பில் தட்டினால், அடுத்த முனையிலிருந்து யார் வீசினாலும் ஸ்லிப்பில் நின்று பிடிப்பவரும் அவரே. 18 டெஸ்ட்டில் 112 விக்கெட், சராசரி 10.75. நூறு விக்கெட்டைத் தொட அவருக்கு 16 டெஸ்ட் போதுமானதாக இருந்தது. அந்தச் சாதனையை இன்னும் யாரும் தாண்டவில்லை. அந்தக் காலத்து ஆடுகளங்கள் பந்துவீச்சாளருக்குச் சாதகம் என்பார்கள். சாதகம்தான். அதே ஆடுகளத்தில் வீசிய மற்றவர்களுக்கு ஏன் 10.75 வரவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்தத் திறமைதான் அவரைக் கொன்றது என்பது என் கட்சி. சர்ரே அணிக்கு அவர் சம்பள ஆள். 1888-ல் 209 விக்கெட், 1889-ல் 202, 1890-ல் 220. கோடை முழுவதும் இங்கிலாந்தில் வீசிவிட்டு, குளிர்காலத்தில் ஓய்வெடுக்காமல் மூன்று முறை ஆஸ்திரேலியா. சர்ரே வரிசையாகச் சாம்பியன் ஆனது. லோமனுக்குக் கிடைத்தது நுரையீரலில் ஓட்டை. வாடகை வண்டிபோலக் கோடைக்கு மட்டும் பேசி, தேய்ந்ததும் மாற்றுவண்டி தேடினார்கள்.

கரூ காற்று வேலை செய்தது. 1893-ம் 1894-ம் இங்கிலாந்தில் அவரைப் பார்க்க முடியவில்லை. 1895-ல் மறுபடி சர்ரேவுக்கு வந்து நின்றார். அந்தக் குளிர்காலத்திலேயே ஹாக் பிரபுவின் அணியோடு தென்னாப்பிரிக்கா திரும்பினார், இந்த முறை எதிரியாக. என்ன நேரம் பாருங்கள்: 1895 கடைசி வாரத்தில்தான் ஜேம்சன், கேப் பிரதமர் ரோட்ஸின் ஆசியோடு டிரான்ஸ்வாலுக்குள் படையோடு புகுந்து, சில நாளிலேயே மாட்டிக்கொண்டார். ரோட்ஸ் பிரதமர் பதவியை விட்டார். நாடே கொதித்துக்கொண்டிருந்தது. நடுவே கிரிக்கெட்.

1896 பிப்ரவரியில் போர்ட் எலிசபெத். முதல் இன்னிங்ஸில் லோமன் 38 ரன்னுக்கு 7 விக்கெட். இரண்டாவதில் 7 ரன்னுக்கு 8. சரியாகத்தான் படித்தீர்கள், ஏழு ரன் கொடுத்து எட்டு பேர். கடைசி மூவரை ஹாட்ரிக்கில் முடித்தார். தென்னாப்பிரிக்கா 30 ரன்னுக்குச் சுருண்டது. அடுத்த மாதம் ஜோஹன்னஸ்பர்கில் 28 ரன்னுக்கு 9. டெஸ்ட்டில் ஒரே இன்னிங்ஸில் ஒன்பது விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர். மூன்று டெஸ்ட்டில் மொத்தம் 35 விக்கெட், சராசரி 5.80. பாதி நுரையீரலோடு செய்த காரியம் இது.

அதே வருடக் கோடையில் என்ன செய்தார்கள்? ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட்டுக்குச் சம்பள ஆட்டக்காரர்களின் கூலி 10 பவுன். லோமனும் இன்னும் நால்வரும் 20 கேட்டார்கள். கேட்டதில் என்ன தப்பு? ‘காசுக்கு ஆடாத கனவான்’ என்று பெயர் வாங்கியிருந்த டபிள்யூ. ஜி. கிரேஸ் செலவுக் கணக்கு என்ற பெயரில் இவர்களைவிட அதிகம் வாங்கிக்கொண்டிருந்தது ஊரறிந்த ரகசியம். கிரேஸின் தாடியை ரசிப்பவர்கள் மன்னிக்கவும், எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. ஐவரில் மூவர் இறங்கிவந்தார்கள். லோமனும் வில்லியம் கன்னும் ஆடவில்லை. அவர்கள் இல்லாமலே இங்கிலாந்து ஆஸ்திரேலியாவை 44 ரன்னுக்குச் சுருட்டி ஜெயித்துவிட்டது. சம்பளம் கேட்பவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி வேறில்லை. லோமன் அதன்பிறகு இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. லோகனின் ஊரே கதி என்று ஆனது.

இங்கே லோகனுக்கு நல்ல பெயர் கொடுக்கத் தோன்றும். கொடுக்கலாம், அளவோடு. இதே லோகன்தான் 1892-ல் வால்டர் ரீட் கூட்டிவந்த இங்கிலாந்து அணிக்குக் கடன் கொடுத்துவிட்டு, திருப்பித் தராததற்காக நீதிமன்றத்துக்கு இழுத்தவர். அந்த வருடமே ரயில்வே மந்திரி சிவ்ரைட், டெண்டர் கேட்காமல் கேப் ரயில்வேயின் சாப்பாட்டுக் காண்டிராக்ட் முழுவதையும் நண்பர் லோகனுக்கு எழுதிக்கொடுத்தார். இன்ஸ், மெரிமன், சாவர் என்று மூன்று மந்திரிகள் கொந்தளித்தார்கள், காண்டிராக்ட் ரத்தானது, 1893-ல் ரோட்ஸ் தன் மந்திரிசபையையே கலைத்துவிட்டு வேறு கட்டவேண்டிவந்தது. ஒரு ரயிலடிச் சாப்பாட்டுக் கடைக்காரரால் கவிழ்ந்த அரசாங்கம்! ஷ்ரைனர் இந்த ஊரின் பிளாட்பாரத்தில்தான் ரோட்ஸையும் சிவ்ரைட்டையும் எதிர்கொண்டார். இருவரும் கை நீட்டினார்கள். அவர் கை கொடுக்காமல் திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டார். ஒரு காலத்தில் ரோட்ஸை மாமனிதர் என்று நம்பியவர் அவர். இந்த வட்டாரத்தில் நடந்தவற்றில் எந்தச் சண்டையையும்விட அந்த நடை எனக்குப் பெரியது.

ரோட்ஸ் பேச்சு வந்துவிட்டதால் இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. 1892 மார்ச்சில் ரீட் அணி கேப்டவுனில் பதினெட்டு மலாய் ஆட்டக்காரர்களோடு மோதியது. அதில் ‘க்ரோம்’ ஹென்ட்ரிக்ஸ் என்று ஒரு வேகப் பந்துவீச்சாளர். அவர் வேகத்தைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்களே அசந்துபோனார்கள். 1894-ல் தென்னாப்பிரிக்கா முதல்முறை இங்கிலாந்துக்கு அணி அனுப்பியபோது அவர் பெயர் அடிபட்டது. வெள்ளையர் அல்லாதவர் என்பதால் வெட்டினார்கள். மூட்டை பார்த்துக்கொள்ளும் ஆளாக வேண்டுமானால் கூட்டிப்போகலாம் என்று ஒரு யோசனை. அப்படி வரமாட்டேன் என்று ஹென்ட்ரிக்ஸ் சொல்லிவிட்டார். அவரைத் தடுத்தது நான்தான் என்று ரோட்ஸ் பிறகு பெல்ஹாம் வார்னரிடம் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். பின்னாளில் சட்டமாக எழுதப்பட்ட நிறவெறி, மைதானத்தில் அப்போதே எழுதாத சட்டம்.

1896-ல் போர்ட் எலிசபெத்தில் ஹென்ட்ரிக்ஸ் இருந்திருந்தால்? அவர் பந்து வீசுபவர். 30 ரன்னை அவராலும் தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அடுத்த முனையிலிருந்து லோமனுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்திருப்பார். அந்தப் போட்டியைப் பார்க்கும் பாக்கியம் யாருக்கும் இல்லாமல் செய்தவர் ரோட்ஸ். ஒரு நாட்டுக்கே தன் பெயரை வைத்துக்கொண்ட மனிதர், ஒரு பந்துவீச்சாளரின் பெயர் ஸ்கோர் அட்டையில் ஏறுவதைப் பொறுக்கவில்லை.

1901-ல் லோகன் தன் காசில் ஓர் அணியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். தலைவர் மர்ரே பிஸெட், மேலாளர் லோமன். போர் இன்னும் முடியவில்லை. கரூவில் போயர் குதிரைப் படைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் புளூம்ஃபொன்டைன் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு முந்தைய வருடம் ஊர் திரும்பியிருந்தார். போர்முனையில் நிற்கவேண்டிய வாலிபர்கள் மட்டையோடு வந்து நிற்கிறார்களே என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அணியின் மேலாளரை எந்தப் போர்முனைக்கு அனுப்புவது? ஈரமான இங்கிலாந்துக் காற்றில் ஒரு கோடையைக் கழித்துவிட்டு வந்த லோமன், அந்த வருடம் டிசம்பர் 1-ம் தேதி இறந்தார். வயது 36.

ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில், ரயில் பாதையை ஒட்டிய இடுகாட்டில் லோகன் அவரைப் புதைத்தார். சர்ரே கழகம் பளிங்கில் நினைவுக்கல் அனுப்பியது. உயிரோடு இருந்தபோது ஓவலில் பத்து பவுன் அதிகம் கொடுக்க மனமில்லாதவர்கள், கல்லுக்குக் கணக்குப் பார்க்கவில்லை.

அதே இடுகாட்டில் லோமனுக்கு முன்பே ஒருவர் இருக்கிறார். ஹைலேண்ட் படைப்பிரிவின் தளபதி ஆண்ட்ரூ வாக்கோப். 1892 தேர்தலில் மிட்லோதியன் தொகுதியில் கிளாட்ஸ்டனையே எதிர்த்து நின்று, அவருடைய வெற்றியை வெறும் 690 வாக்கு வித்தியாசத்துக்குச் சுருக்கிய துணிச்சல்காரர். லோகனைப் போலவே ஸ்காட்லாந்துக்காரர். 1899 டிசம்பர் 11 விடியற்காலை மாகர்ஸ்ஃபொன்டைன் மலையடியில், போயர்கள் அங்கே பதுங்குகுழி வெட்டியிருப்பது தெரியாமல், தன் படையை இருட்டில் நடத்திப் போய் உயிரை விட்டவர். அவர் உடலை அங்கிருந்து இந்த ரயிலடி வரை கொண்டுவரச் செய்தவர் லோகன்.

(தொடரும்)