வெண்ணாரும் மஞ்சள் நாரும்

அம்பெய்தலை இஸ்லாமிய உலகம் வெறும் போர்த்தொழிலாக மட்டும் கருதியதில்லை. ஆற்றல் என்பது அம்பெய்தலே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியருளியதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகின்றோம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இளமையில் கல்வியிலும் அம்பெய்தலிலும் ஒருங்கே வேட்கை கொண்டிருந்தார்கள் என்றும், பத்து அம்புகள் எய்தால் பத்தும் குறியில் தைக்கும் என்றும் அவர்தம் வரலாறு கூறும். எய்தவர் புகழைப் பேசும் நாம் வில்லைச் செய்தவனை நினைப்பதில்லை. அவனது அறிவின் ஆழத்தை ஒரே பொருளைக் கொண்டு அளந்து பார்க்கலாம். வில்லின் முதுகில் ஒட்டப்பெறும் விலங்கின் தசைநாரே அப்பொருள். இறைச்சிக் கடையில் நரம்பு என்று அறுத்தெறியப்படுவதும் அதுவே.

வில்லை வளைக்கும்போது எய்பவனை நோக்கிய வயிற்றுப்புறம் நெருக்குண்ணும். மறுபுறமாகிய முதுகு இழுபடும். தனிமரத்தாலான குட்டை வில்லை மிக வளைத்தால் முதுகு பிளந்து முறியும். நீண்ட வில்லோ குதிரை வீரனுக்கு இடைஞ்சல். ஆகவே நெருக்குதலைத் தாங்க வயிற்றில் எருமைக் கொம்பையும், இழுவையைத் தாங்க முதுகில் தசைநாரையும் ஒட்டினர். மம்லூக்கியர் ஆட்சியில், 14ஆம் நூற்றாண்டில் ‘குன்யத்துத் துல்லாப்’ என்னும் நூலை யாத்த தைபுகா, இவ்வில்லை மனித உடலுக்கு ஒப்பிடுகிறார். மரம் எலும்பு, கொம்பு தசை, நார் நாளங்கள், பசை குருதி. மனிதன் முன்புறம் எளிதில் குனிவான். பின்புறம் வளைந்தால் ஊறுபடுவான். வில்லும் அவ்வாறே என்பது அவர் விளக்கம்.

எந்த நாரை எடுப்பது? இதற்கு விடை நாம் எதிர்பாராத ஓரிடத்தில், அகராதியில் கிடைக்கிறது. ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ளூர் தொகுத்த ‘லிஸானுல் அரப்’, ‘அகப்’ என்றும் ‘அஸப்’ என்றும் இரு சொற்களைப் பிரித்துரைக்கிறது. அகப் வெண்மை சார்ந்தது, உறுதி மிக்கது, முதுகின் இருபுறத்திலும் கால்களிலும் இறைச்சியோடு கலந்திருப்பது. அதனை உரித்து, இறைச்சி நீக்கித் தூய்மை செய்து நாண் திரிப்பர். அஸப் மஞ்சள் சார்ந்தது, தடித்த பிடரி நார், அதில் நன்மையில்லை.

இன்றைய உடற்கூற்றியல் இப்பாகுபாட்டிற்குச் சான்று பகர்கிறது. கால் நாரும் முதுகு நாரும் கொலாஜன் என்னும் வெண்ணிறப் புரதத்தாலானவை. சிறிதே நீளும், பெருவலிவோடு மீளும். மேயும் விலங்கின் தலையைத் தாங்கும் பிடரி நாரில் மிகுந்திருப்பது இலாஸ்டின் என்னும் மஞ்சள் நிறப் புரதம். அது ரப்பரைப் போல் எளிதில் நீளும். அம்பை உந்தும் வலிவு அதற்கில்லை. நுண்ணோக்காடி காணாத கைவினைஞர் நிறத்தைக் கொண்டே இதனைத் தெளிந்திருந்தனர்!

மார்க்கச் சட்டமும் இத்தேர்வில் தலையிட்டது. செத்த பிராணியின் தோலையும் நாரையும் பயன்படுத்தலாகாது என்னும் நபிமொழியை அப்துல்லாஹ் இப்னு உகைம் அறிவிக்கிறார். ஷாஃபிஈ மத்ஹபில் செத்த பிராணியின் நார் அசுத்தமே. ஹனஃபி மத்ஹபில் நாரைக் குறித்து இருவகை அறிவிப்புகள் உள. வில்லைத் தோளிலேந்தித் தொழ வேண்டிய வீரனுக்கு, முறையாக அறுக்கப்பட்ட பிராணியின் நாரே ஐயத்திற்கிடமற்றது.

தேர்ந்த நாரை உலர்த்தி, மரச் சுத்தியலால் தட்டி, இழை இழையாகப் பிரித்துச் சீப்பால் வாரினர். பின்னர் இளஞ்சூடான பசையில் தோய்த்து, செங்கல் வரிசைபோல் முனைகள் மாறி மாறி வருமாறு படிய வைத்தனர். பசையின் சூடு மிகுந்தால் நார் சுருண்டு பாழாகும். ஈரம் தங்கினால் பிடிப்பு நெகிழும். ஆதலால் அடுக்கடுக்காக ஒட்டி, மாதக்கணக்கில் உலர விட்டனர். உலருந்தோறும் நார் சுருங்கி, வில்லை எதிர்ப்புறமாக வளைத்தது. இத்தகைய வில்லால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இலண்டனிலிருந்த உஸ்மானியத் தூதரகச் செயலர் மஹ்மூது 482 கெஜம் தொலைவுக்கு அம்பெய்து ஆங்கிலேய வில்லாளரை வியக்கச் செய்தார்.

துப்பாக்கி வந்தபின் போர்க்களத்தில் வில்லுக்கு வேலையில்லை. விற்கலையில் ஈடுபாடு மிக்க சுல்தான் இரண்டாம் மஹ்மூது (1808–1839), அக்கலை அழியாதிருக்க முஸ்தஃபா கானீ என்பாரைக் கொண்டு நூலெழுதச் செய்தார். அது 1847இல் இஸ்தான்புலில் அச்சேறியது. பிற்காலத்தில் இவ்வில்லை மீண்டும் செய்ய முனைந்தோர்க்கு அந்நூல் பெருந்துணையாயிற்று. துருக்கிய விற்கலையை 2019இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அகப், அஸப் ஆகிய இரண்டையும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டு நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அப்படிக் கடக்கும்போது, பிடரி நாரை ஒட்டிப் பலமுறை தோற்ற பின்னரே ஒரு வினைஞன் கண்டறிந்திருக்கக்கூடிய உண்மை நம் கையைவிட்டு நழுவுகிறது. தொழில் அழிந்த பின்னும் அதன் அறிவு சொல்லில் உறங்கிக் கிடக்கும். சொல்லும் போய்விட்டால் அதை எழுப்ப வழியில்லை. முதியோர் நாவில் இன்றும் வாழும் தொழிற்சொற்களை அவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதி வைத்தல் நம் கடனாகும்.