கணிப்பொறிக்குத் தலைவர் யாவர்? அமெரிக்கப் படைவீரர் இலாகாவின் வரலாறு

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள், கணிப்பொறித் தொழிலிற் புகுந்த இளைஞர் ஒருவரேனும் இல்லாதவை இந்நாளிற் சிலவே. அவ்விளைஞருட் சிலர் அரசாங்க இலாகாக்களிலும் அமர்ந்திருக்கின்றனர். அத்தகைய இலாகா ஒன்றிற் கணிப்பொறிகளின்மேல் அதிகாரம் செலுத்துதற்குரியார் யாவர் என்னும் வினாவைப் பலரும் ஒரு சிறிய நிர்வாக விவகாரமாகவே கருதுவர். அஃது உயிரோடு சம்பந்தப்பட்ட வினாவாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படைவீரர் இலாகாவினது ஏறக்குறைய ஐம்பதாண்டு வரலாறு இதனை நன்கு காட்டுதலின், அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

போரிற் காயமுற்றும் முதுமையெய்தியும் வரும் படைவீரர்களைப் பேணுதற்கெனத் தனித்தனியே இருந்த அலுவலகங்களை, 1930-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவர் ஒன்றாக இணைத்தார். அந்நிர்வாகமே 1989-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மந்திரிசபை அந்தஸ்துடைய இலாகாவாக உயர்த்தப்பட்டது. அந்நாடெங்கும் பரந்துள்ள நூற்றைம்பதிற்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் இதன் ஆளுகைக்கு உட்பட்டவை.

1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இந்நிர்வாகத்தின் கணிப்பொறிகள் யாவும் வாஷிங்டன் தலைமைக் காரியாலயத்து அலுவலகம் ஒன்றன் கையில் இருந்தன. அங்கிருந்தவை பெரும்பொறிகள், உபகாரச் சம்பளக் கணக்குப் போடுதற்கு ஏற்றவை. நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவை உடனே காண விரும்பும் வைத்தியருக்கு அவற்றாற் பயன் யாதுமில்லை. சிறிய பொறியொன்றை வைத்தியசாலையிலேயே வைத்துக்கொள்வோமெனின், அனுமதி வரும்வரை ஆண்டுகள் கழியும். அன்றியும், கணிப்பொறி வாங்கும் அதிகாரத்தை 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசாங்கம் முழுமைக்கும் பொதுவான ஓர் அலுவலகத்தின்பாற் குவித்திருந்தது. சிக்கனத்தைக் கருதியே அச்சட்டம் இயற்றப்பட்டது. சிக்கனம் பொறியின் விலையிற் கிடைத்ததோ, காத்திருந்த நோயாளியின் காலத்திற் செலவாயிற்றோ என்று கணக்கெடுத்தார் எவருமில்லை.

இந்நிலையில் 1977-ஆம் ஆண்டில் ஜோசப் ஓநீல், மார்ட்டின் ஜான்ஸன் என்னும் இருவர் இந்நிர்வாகத்தின் வைத்தியப் பிரிவிற் சேர்ந்தனர். வைத்தியசாலைக்கு வேண்டும் நிரல்களை, வைத்தியரும் தாதியரும் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதுதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. பாஸ்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் 1960-ஆம் ஆண்டுகளிற் பிறந்த ‘மம்ப்ஸ்’ என்னும் கணிப்பொறி மொழியை அவர்கள் தேர்ந்தனர். கலிபோர்னியாவில் தாமஸ் மன்னெக்கி, ஜார்ஜ் டிம்ஸன் முதலியோர் அம்மொழியில் அடிப்படை நிரல்களை எழுதினர். 1978-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓக்லஹோமா நகரிற் கூடி, எவ்வெவ்வூரார் எவ்வெந்நிரலை எழுதுவதென்று தம்முட் பங்கிட்டுக்கொண்டனர். ஓரூரில் எழுதியதை மற்றோரூரார் வாங்கித் திருத்தி வழங்கினர்.

தலைமைக் காரியாலயத்தார் இதனைப் பொறுத்திலர். வைத்தியசாலைகளிற் சிறுபொறி வைத்து வேலை செய்வோர் விதி மீறியவராகக் கருதப்பட்டனர். சிலர் வேலையிழந்தனர், சிலர் பதவி இறக்கப்பட்டனர், சிலவிடங்களிற் பொறிகளே அப்புறப்படுத்தப்பட்டன. அதன் பின்னரும் வேலை நின்றபாடில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைகளை இரகசியமாக விடுதலை நாட்டிற்கு அழைத்துச் சென்ற வழிக்கு ‘நிலத்தடி இருப்புப்பாதை’ என்று பெயர். அப்பெயரையே இவர்கள் தம் கூட்டத்திற்கும் சூட்டிக்கொண்டனர். ‘ஹார்ட் ஹாட்ஸ்’, அஃதாவது கட்டட வேலைக்காரர் அணியும் கடினத் தொப்பியார், என்பதும் அவர்களுக்கு வழங்கிய பெயராகும். மாதச் சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர், தம் மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் அரசாங்கத்துக்கே நன்மை செய்துவந்த இவ்விசித்திரத்தைப் போன்றதொன்றை யாம் பிற தேசங்களின் நிர்வாக வரலாறுகளிற் கண்டதில்லை.

விதியை மீறுதல் முறையோ என்று நம் அன்பர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. தத்தம் மனம்போன போக்கில் ஒவ்வொருவரும் பொறி வைத்துக்கொள்ளின் இலாகா என்பதொன்று இராது. ஆயினும், விதி வகுத்தவர் வைத்தியசாலையின் தேவையை அறியாதவராயும், அறிந்தவர்க்கு விதியைத் திருத்தும் வழி அடைபட்டும் இருந்தமையே அம்மீறலுக்குக் காரணம் என்பது எம் கருத்து.

வழி திறந்தது மேலிடத்திலிருந்தே. வியட்நாம் யுத்தத்திற் காயமுற்றவரும், பின்னாளில் (2013 முதல் 2015 வரை) பாதுகாப்புக் காரியதரிசியாக இருந்தவருமாகிய சக் ஹேகல் 1981-ஆம் ஆண்டில் இந்நிர்வாகத்தின் துணைத்தலைவராக வந்தார். அவர் இவர்களுக்கு ஆதரவளித்தார். நிர்வாகத்தலைவர் ராபர்ட் நிம்மோ 1982-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆணையொன்று பிறப்பித்து, மறைவில் நடந்த அவ்வேலையையே நிர்வாகத்தின் அதிகாரபூர்வமான ஏற்பாடாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அந்நிரல்கள் நாடெங்குமுள்ள படைவீரர் வைத்தியசாலைகளிற் பரவின.

அவ்வேற்பாடே பின்னர் ‘விஸ்டா’ என்று பெயர் பெற்றது. 1994 முதல் 1999 வரை வைத்தியப் பிரிவின் தலைவராக இருந்த கென்னத் கைஸர் அதனை மேலும் வளர்த்தார். மருந்து கொடுக்கும்போது நோயாளியின் கைப்பட்டையிலுள்ள கோட்டுக் குறியையும் மருந்தின் குறியையும் பொறியால் ஒத்துப்பார்க்கும் வழக்கம் இதன்கண் தோன்றியதே. கான்ஸாஸ் மாகாணத்து டொபீகா நகரத் தாதியொருவர், வாடகைக் கார் திருப்பும் இடத்தில் அப்பொறியைக் கண்டு, இதனை நோயாளியிடத்தும் பயன்படுத்தலாகாதோ என்று எண்ணியதன் பயன் அது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா என்னும் சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை அழித்தபோது, அங்கிருந்த காகிதக் கோப்புகள் பெருவாரியாக வெள்ளத்திற் போயின. படைவீரர்களின் வைத்தியக் குறிப்புகளோ, சேமப் பிரதிகள் ஹூஸ்டன் நகர் சேர்ந்தமையால், பிற ஊர்களிலும் வாசிக்கக் கிடைத்தன.

இனி மறுபக்கத்தையும் கூறவேண்டும். 1996-ஆம் ஆண்டில், க்ளிங்கர், கோஹன் என்னும் இரு காங்கிரஸ் அங்கத்தினர் பெயரால் வழங்கும் சட்டம், பெரிய இலாகா ஒவ்வொன்றிலும் தலைமைத் தகவல் அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டுமென விதித்தது. படைவீரர் இலாகாவிலும் அப்பதவி ஏற்பட்டது. ஆயினும் பணமும் ஆட்களும் வைத்தியப் பிரிவின் வசமே நின்றன. சாவியில்லாத பொக்கிஷதாரர் போலத் தலைமை அதிகாரி இருந்தார். ஒவ்வொரு வைத்தியசாலையும் தன் போக்கிற் சென்றது. இரகசியங்களைக் காக்கும் முறை இடத்துக்கிடம் வேறுபட்டது.

2006-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், மேரிலாந்து மாகாணத்தில், இலாகா ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து மடிக்கணினியும் அதனோடு சேர்ந்த சேமிப்புக் கருவியும் களவுபோயின. அவற்றில் 2 கோடியே 65 லட்சம் பேருடைய பெயரும் பிறந்த நாளும் அரசாங்க அடையாள எண்களும் இருந்தன. காரியதரிசி ஜிம் நிக்கல்ஸனுக்குச் செய்தி எட்டியது 16-ஆம் நாள். பொதுஜனங்களுக்கு எட்டியது 22-ஆம் நாள். பொருள்கள் ஜூன் மாதத்தில் மீட்கப்பட்டன. தகவலை எவரும் திறந்திலர் என்று புலனாய்வுத் துறையார் கூறினர். எனினும் வழக்கு நடந்து, 2009-ஆம் ஆண்டில் 2 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள இலாகா உடன்பட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாயிற்று.

களவுக்கு முன்னரே தொடங்கியிருந்த மாற்றம் அதன்பின் விரைந்தது. கணிப்பொறிப் பணமும் பணியாளரும் தலைமைத் தகவல் அதிகாரியின்கீழ் ஒருங்கே சேர்க்கப்பட்டனர். 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், கணிப்பொறிகளை ஓரிடத்திற் குவித்து வைத்த நிலையம் ஒன்றில், முன்னறிவிப்பின்றிச் செய்த சிறு மாறுதலால், வட கலிபோர்னியாவின் 17 வைத்திய நிலையங்களில் ஏறக்குறைய 9 மணி நேரம் நோயாளிகளின் குறிப்புகள் காணப்படாமற் போயின. ஒரு வைத்தியசாலையின் தவறு ஒன்றோடு நிற்கும். மத்தியிற் செய்த தவறு பதினேழிற் பரவும்.

இங்ஙனம் கூறுதலால் தலைமை அதிகாரியே வேண்டா என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. 2009-ஆம் ஆண்டில் அப்பதவிக்கு வந்த ரோஜர் பேக்கர், காலமும் செலவும் எல்லை கடந்த 45 திட்டங்களைத் தற்காலிகமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். தொடங்கிய வேலையை நிறுத்துதல் எந்த அரசாங்கத்திலும் அரிது. நிறுத்தியவர்க்கு மாலை சூட்டுவாரும் இலர். அதிகாரம் ஒருவர் கையிற் சேர்ந்திருந்ததாலேயே அவரால் அது கூடிற்று.

இவற்றையெல்லாம் கண்டறிந்த இலாகாவே பின்னர்ச் செய்தது எமக்கு வியப்பைத் தருகின்றது. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் காரியதரிசி டேவிட் ஷுல்கின், தாமே ஒரு வைத்தியராயிருந்தும், விஸ்டாவைக் கைவிட்டு ஸெர்னர் என்னும் கம்பெனியின் நிரலை வாங்கப்போவதாக அறிவித்தார். பாதுகாப்பு இலாகா அதனையே ஏற்றிருந்தமையால், படைவீரர்களின் குறிப்புகள் இரண்டிடத்தும் ஒன்றாயிருக்கும் என்பது அவர் கூறிய காரணம். காரணத்திற் பிழை காண்பதற்கில்லை. 2018-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பத்தாண்டுக்கு 1,000 கோடி டாலர் மதிப்புள்ள உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனை நடத்துதற்கென ஏற்படுத்திய தனி அலுவலகம் வைத்தியப் பிரிவின்கீழும் இல்லை, தலைமைத் தகவல் அதிகாரியின்கீழும் இல்லை. துணைக் காரியதரிசியின்கீழ் வைக்கப்பட்டது. கணிப்பொறி அறிந்தவரும் நோயாளியை அறிந்தவரும் ஆகிய இருதிறத்தாரும் புறத்தே நின்றனர்.

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் வாஷிங்டன் மாகாணத்து ஸ்போகேன் நகர வைத்தியசாலையில் அப்புதிய நிரல் தொடங்கிற்று. வைத்தியர் எழுதும் உத்தரவு எவ்விடத்துக்குச் செல்லவேண்டும் என்பதைப் பொறி அறியாதபோது, அது மறைவான வரிசையொன்றில் விழுந்து கிடந்தது. உத்தரவிட்டவர்க்கு அதனை அறிவிப்பார் இல்லை. மறு சந்திப்பு, மறு பரிசோதனை, நிபுணரிடம் அனுப்புதல் என்றின்னோரன்ன உத்தரவுகள் 11,000-க்கு மேல் அவ்வாறு போயின. அதனால் 149 நோயாளிகளேனும் தீங்குற்றனர் என்று இலாகாவின் தணிக்கைத் தலைவர் 2022-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆயுட்செலவு ஏறக்குறைய 5,000 கோடி டாலராகும் என்று மதிப்பீடும் அவ்வாண்டிலேயே வந்தது. ஸெர்னர் கம்பெனியை அதற்குள் ஆரக்கிள் கம்பெனி வாங்கிவிட்டது.

ஐந்து வைத்தியசாலைகளிற் புகுத்தியபின், 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் இலாகா மேற்கொண்டு புகுத்துவதை நிறுத்தியது. பாதுகாப்பு இலாகாவுடன் கூட்டாக நடத்தும் வட சிகாகோ வைத்தியசாலையில் மட்டும் 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் அது தொடங்கப்பட்டது. மிச்சிகன் மாகாணத்தில் நான்கினை 2026-ஆம் ஆண்டிற் சேர்ப்பதென்று அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தனர். அவ்வறிவிப்பு வெளியான நாளில் எஞ்சிய வைத்தியசாலைகள் அனைத்தும், கடினத் தொப்பியார் மறைவிலிருந்து எழுதத் தொடங்கிய அப்பழைய நிரல்களின் வழிவந்த ஏற்பாட்டினாலேயே நோயாளிகளின் குறிப்புகளைக் காத்து வந்தன.