நித்திய கல்யாணியும் வெள்ளை அணுக்களும்

குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் வீட்டு வாசலோரம் நித்திய கல்யாணி பூத்திருப்பதை நாம் பார்க்கிறோம். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்துகளுள் இரண்டு இச்செடியிலிருந்துதான் வந்தன. அவை வந்த கதையில் நம் வீடுகளில் எழும் ஒரு கேள்விக்கும் விடை இருக்கிறது. விடியுமுன் எழுந்து ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறிப் போனால், "வெள்ளை அணு குறைந்திருக்கிறது, இன்று ஊசி இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்களே, ஏன்?

1952இல் கனடாவில் டாக்டர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். அங்குள்ளவர்கள் நீரிழிவுக்கு அதைத் தேநீராகக் குடித்தார்களாம். அவர் அவற்றை ஆராய்ச்சியாளரான தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோதோ, எலிகள் கிருமி தொற்றி மடிந்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வேறொருவர் இலையைக் குப்பையில் எறிந்திருப்பார். நோபிளோ, வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா என்று எண்ணினார். சார்லஸ் பீர் என்பவரும் சேர்ந்து உழைத்து, 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை அறிவித்தார்கள். அமெரிக்காவில் அதே செடியிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டின் 1963இல் அனுமதி பெற்றது. (இலையை நாமே கஷாயம் வைத்துக் குடிக்கலாமே என்று எண்ண வேண்டாம். எலிகளுக்கு நேர்ந்ததைத்தான் கேட்டீர்களே!)

இம்மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குகின்றன. புற்றும் விரைந்து பெருகுகிறது, எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் நல்ல அணுக்களும் விரைந்து பெருகுகின்றன. மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது.

அப்படியானால் எல்லா அணுக்களும் ஏன் மடிவதில்லை? 1976இல் டொரொண்டோவில் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் ஒன்றைக் கண்டார்கள். கோல்சிசின் என்ற நஞ்சுக்குத் தப்பிய உயிரணுக்களின் மேலுறையில் ஒரு புரதம் மிகுந்திருந்தது. (நம் செங்காந்தள் கிழங்கில் இருப்பதும் அந்த நஞ்சுதான்.) ஓட்டைப் படகில் நீரை இறைத்துக் கொட்டுபவனைப் போல, அந்தப் புரதம் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. நித்திய கல்யாணி மருந்துகளையும் அது விடுவதில்லை. தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடிப்பவர்கள் இதை அறிவார்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், சாகாத புல் மட்டும் மிஞ்சிப் பரவும். புற்றும் சிலருக்கு அப்படித்தான் திரும்புகிறது.

ஆனால் அந்த இறைப்பான் புற்றின் சொந்தச் சரக்கு அன்று. 1991இல் சவுத்ரியும் ரோனின்சனும் அதை நல்ல மஜ்ஜையிலேயே, எல்லா இரத்த அணுக்களுக்கும் மூலமான தாயணுக்களில் கண்டார்கள். நம் உடலின் காவலைத்தான் புற்று திருடிக்கொள்கிறது. அதை அடைத்துவிட வேறு மருந்துகளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் முயன்றார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. அடைத்தால் நல்ல அணுக்களின் காவலும் தளர்ந்துவிடுமே!

தாயணுக்களுள் பெரும்பாலானவை எப்போதும் பெருகாமல் ஓய்ந்திருப்பவை. அதனாலும் மருந்து அவற்றை அதிகம் தீண்டுவதில்லை. ஊசி நின்ற நாள்களில் அவை விழித்துப் புது வெள்ளை அணுக்களைப் பெறுகின்றன. ஒரு வாரம் கழித்து விரலளவுக் குழாயில் மறுபடி இரத்தம் எடுப்பது அவை வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்கத்தான்.