சின்னப்பம்பட்டி யார்க்கர்

டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம் இருக்கும். கிரிக்கெட் பந்து 160 கிராம். வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜனின் யார்க்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எடைக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சேப்பாக்கத்துக்கும் அகாடமிகளுக்கும் அந்தப் பந்தின் பிறப்பில் பங்கில்லை. சேலத்துக்கு மேற்கே, தாரமங்கலம் தாண்டி, தறிச் சத்தம் ஓயாத ஊர்களுக்கு நடுவே இருக்கிறது சின்னப்பம்பட்டி. அங்கே நடக்கும் டென்னிஸ் பால் மேட்ச்களில் பிறந்த பந்து அது.

அந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரியும். பந்தில் தையல் இல்லை, ஸ்விங்கை நம்பிப் பிழைக்க முடியாது. கொஞ்சம் முன்னால் குத்தினால் போதும், இடுப்பு உயரத்துக்கு எழும்பி மட்டையின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லைக்கோடும் பக்கத்திலேயே இருக்கும். பத்து ஓவருக்குள் முடிகிற ஆட்டத்தில் மட்டையோடு நிற்பவனுக்கு விக்கெட்டைக் காப்பாற்றும் கவலை எல்லாம் கிடையாது. முதல் பந்திலிருந்தே தூக்கியடிப்பான். அவனுக்கு எழும்பாத பந்து ஒன்றுதான் உண்டு. காலடியில், மட்டையின் அடிநுனியில் விழுவது; அதுதான் யார்க்கர். ஒரு விரற்கடை தவறினாலும் புல்டாஸ் ஆகிவிடும், பந்தைத் தேடப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டியதுதான். இதை யாரும் கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தர வேண்டாம். நாலு சிக்ஸர் வாங்கினால் தானாகவே புரியும்.

நல்ல யார்க்கர்கள் பலவும் இப்படிப் பயிற்சிக்கூடத்துக்கு வெளியேதான் பிறந்திருக்கின்றன. லசித் மலிங்கா காலிக்கு அருகே ரத்கமவில் மென்பந்து ஆடி வளர்ந்தவர். பும்ரா அகமதாபாத் வீட்டுக்குள், அம்மாவின் பகல் தூக்கம் கலையாமலிருக்க, சுவரும் தரையும் சேரும் மூலையில் பந்தைக் குத்திப் பழகியவர்.

நடராஜன் 1991-ல் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா நெசவுக் கூலி; அம்மா சாலையோரத்தில் கடை போட்டார். இருபது வயது வரை அவர் கையில் தோல் பந்து பட்டதே அபூர்வம். ஊரில் அண்ணன் முறையில் பழகிய ஜெயப்பிரகாஷ்தான் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். பின்னாளில் ஐபிஎல் சட்டை முதுகில் ‘ஜேபி நட்டு’ என்று போட்டுக்கொண்டாரே, அந்த ஜேபி இவர்தான். நான்காம் டிவிஷனில் பிஎஸ்என்எல், பிறகு விஜய் சிசி, ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார்.

உடனே அடி விழுந்தது. பந்து வீசும்போது முழங்கை சந்தேகத்துக்குரிய விதத்தில் மடங்கி நிமிர்கிறது என்று நடுவர்கள் புகார் எழுதினார்கள். 15 டிகிரிக்கு மேல் முழங்கை நிமிர்ந்தால் அது எறிதல் என்பது விதி. டென்னிஸ் பந்தில் வளர்ந்த கைக்கு இது நேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. எடையில்லாத பந்து காற்றில் சீக்கிரமே தளர்ந்துவிடும். வேகம் வேண்டுமென்றால் கையைச் சுண்டித்தான் ஆக வேண்டும். எந்தச் சுண்டல் யார்க்கரைக் கொடுத்ததோ, அதுவே கழுத்துக்குக் கத்தியாக வந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் போட்டி இல்லை. சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, எம். வெங்கட்ரமணா ஆகியோரின் உதவியோடு வீசும் முறையையே பிரித்து மறுபடி கட்டினார். சுனிலும் வெங்கட்ரமணாவும் ஆடும் காலத்தில் சுழற்பந்துக்காரர்கள் என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கையை மாற்றியவனுக்குப் பழைய குறி பெரும்பாலும் திரும்புவதில்லை. இவருக்குத் திரும்பியது. 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் பருவத்தில், திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக ஒரு சூப்பர் ஓவர். எதிரே அபினவ் முகுந்த். ஆறு பந்தும் யார்க்கர்.

அந்த ஓவர்தான் அவருக்கு விலை போட்டது. 2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டே விக்கெட். மறு ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கி, இரண்டு பருவம் ஒரு ஆட்டமும் கொடுக்காமல் உட்காரவைத்தது. ஐபிஎல் கூலி அப்படித்தான். பிறகு 2020, அமீரகம்: 16 ஆட்டங்களில் 16 விக்கெட். எலிமினேட்டரில் 56 ரன்னோடு நின்ற டிவில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த பந்தைத் தேடிப் பாருங்கள், சின்னப்பம்பட்டி அதில் தெரியும்.

ஆஸ்திரேலியாக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. வலைப்பயிற்சிக்குப் பந்து போடப் போனவர், காயமுற்றவர்களின் இடத்தில் நுழைந்து, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். தனக்குக் கிடைத்த டி20 தொடர்நாயகன் விருதை ஹர்திக் பாண்டியா இவர் கையில் கொடுத்தார். ஊரில் ரதத்தில் வைத்து ஊர்வலம் விட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமான ஓவர் ஒன்று உண்டு. 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். முடிவில் 95 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற சாம் கரன் ஆவேசத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார். பந்து நடராஜன் கையில். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது. அடுத்த மாதமே நடராஜனுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை.

அமெரிக்க பேஸ்பாலில் இடக்கை ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் சமாளிக்க ஒரு இடக்கை பந்துவீச்சாளரை நடுவில் இறக்கிவந்தார்கள். 2020-ல் வந்த விதி, குறைந்தது மூன்று பேருக்கு வீசியாக வேண்டும் என்று அந்தப் பிழைப்பில் கைவைத்தது. கடைசி ஓவர் யார்க்கர்காரரின் நிலையும் ஏறக்குறைய அதுதான். ஆபத்தில் கூப்பிடுவார்கள், ஆபத்து தீர்ந்தால் மறப்பார்கள். ஐபிஎல்லில் 2022-ல் 18 விக்கெட், 2024-ல் 19 விக்கெட் எடுத்தும் இந்திய அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. 2025-க்கு டெல்லி 10.75 கோடி கொடுத்து வாங்கி, இரண்டு ஆட்டத்தோடு நிறுத்தியது.

அவர் சம்பாதித்ததில் ஒரு பங்கு அதற்கு முன்பே மண்ணுக்குப் போய்விட்டது. சின்னப்பம்பட்டியில் அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். அவர் வழியில் வந்த சேலத்து ஜி. பெரியசாமி 2019-லேயே டிஎன்பிஎல்லில் தொடர்நாயகன் ஆகிவிட்டார்.

புனேயில் அந்த 14 ரன்னைக் காத்த பிறகு நடராஜன் இந்தியாவுக்கு ஒரு பன்னாட்டு ஆட்டமும் ஆடவில்லை. மொத்தக் கணக்கு: ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20. தேர்வாளர்கள் முழங்காலைக் காரணம் சொல்லலாம். 2024-ன் 19 விக்கெட்டுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.